நாடா கட்டிய நீலப் பை

குப்பையில் போடுகிற ஜாம் பாட்டிலை அவ்வளவு மெனக்கெட்டுக் கழுவ வேண்டியதில்லை. ஒரு தடவை அலசினால் போதும். யாரும் கேட்டதில்லை, அதனால் நானும் சொன்னதில்லை. நீங்கள் நாற்காலியும் பேனாவும் கொடுத்து எல்லாவற்றையும் எழுது என்கிறீர்கள். ஆகவே இதையும் எழுதுகிறேன்.

உங்கள் வாசலில் லாரி அள்ளிக்கொண்டு போவது எங்கள் கொட்டகைக்குத்தான் வரும். மலைபோல் கொட்டுவார்கள். அங்கிருந்து பெல்ட்டில் ஏறி ஓடும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று அட்டை, பாட்டில், தகரம் என்று கையால் பிரிப்பார்கள். பிரித்ததை அமுக்கிக் கட்டுகிற எந்திரம் என் பொறுப்பு. எண்ணெய் ஊறிய அட்டை, டயப்பர், கத்தி, செத்த பூனை எல்லாம் வரும். பெரும்பகுதி எரிக்கத்தான் போகும். போடுகிறவர்களுக்கு அதைப்பற்றி என்ன? தொட்டி மூடி விழுகிற சத்தத்தோடு அவர்கள் மனசு பளிச்சென்று ஆகிவிடும். மிச்சம் எங்கள் பாடு. என் மனைவி அதற்கு வைத்த பெயர் புண்ணியக் குப்பை.

அவள் பெல்ட்டின் தலைமாட்டில் நிற்பாள். பைகளைப் பிரித்துக் கொட்டுவது அவள் வேலை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. அதன் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மாடிப்படிக்கு அடியில் குப்பைக்கென்று ஒரு அறை கட்டி, எதை எதில் போடவேண்டும் என்று சுவரில் படம் ஒட்டி, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி நீலப் பை வாங்கிக் கொடுத்தவர். பையின் வாயில் வெள்ளை நாடாவால் பூ முடிச்சு வேறு.

"பாருங்க, கல்யாணப் பொண்ணாட்டம் சிங்காரிச்சு அனுப்பியிருக்காங்க. உள்ள பூரா டயப்பரு" என்று என் மனைவி சிரிப்பாள்.

ஆனால் பை நல்ல கெட்டி. கிழிக்க மனசு வராது அவளுக்கு. முடிச்சை அவிழ்த்து, உதறி, வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிக் காயப்போடுவாள். நாடாவையும் விடமாட்டாள். எங்கள் வீட்டில் வெங்காயத்திலிருந்து பழைய செருப்பு வரை செயலாளரம்மாவின் பையில்தான் குடியிருந்தது.

அன்று அப்படி ஒரு பையை அவிழ்த்தபோது உள்ளே நசுங்கிய பேட்டரி இருந்தது. சீறித் தீப்பிடித்தது. சுற்றிலும் காகிதத் தூசி. பெல்ட்டை நிறுத்துகிற கயிறு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் எந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவள் பிறகு சொன்னாள், பை நீலம் என்று. நாடாவும் இருந்ததாம்.

அடக்கம் முடிந்த பிறகு செயலாளரம்மாவைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"அந்தப் பை உங்க பைம்மா" என்றேன்.

"எங்க பில்டிங்ல அப்படிப் போட மாட்டாங்க தம்பி. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்." கொஞ்சம் யோசித்தார். "தப்பா நெனைக்காதீங்க. எங்க பை வேற யாரு கைக்காவது போயிருக்குமா?"

இழவு வீட்டுக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. படியிறங்கும்போதே பார்த்துக்கொண்டேன். அந்தக் கட்டடத்துக்கு அது ஒன்றுதான் படி.

கொட்டகையில் பேட்டரிகளைத் தனியே போட மணல் நிரப்பிய சிவப்பு டிரம் உண்டு. அதிலிருந்து உப்பிப்போனவற்றை எடுத்து ஒரு நீலப் பையில் போட்டேன். நாடாவும் கட்டினேன். முடிச்சு அவ்வளவு அழகாக வரவில்லை. ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் படிக்கு அடியில் அட்டைக் கட்டுகளுக்கு நடுவே அதை வைத்து, அது பற்றிக்கொள்ள என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்துவிட்டு வந்தேன். அவர்கள் பொருளை அவர்களிடம் சேர்த்தேன். மறுசுழற்சி என்று அவர்கள் சொல்வது அதைத்தானே?

பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்திருந்த நேரம் என்கிறீர்கள். பள்ளி எப்போது விடும் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. செயலாளரம்மா கதவு கதவாகத் தட்டிக்கொண்டே மேலே போனாராம், இறங்கவில்லையாம். அவர் சுபாவம் அது. எல்லா வீட்டுக்கும் சொல்லாமல் இருக்கமாட்டார்.

ஆக, நான்தான் செய்தேன். அதை மறைக்கவில்லை.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் உருகிய துண்டு, என் மனைவி நின்ற இடத்தில் கிடைத்த சவர மெஷின் என்கிறீர்கள். என்னிடமும் ஒன்று இருந்தது. அதன் பேட்டரி உப்பிவிட்டது. "போகும்போது மறக்காம செவப்பு டிரம்ல போட்டுடுங்க" என்று அவள் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்கென்று யார் சுமந்துகொண்டு போவது? கைக்கு அகப்பட்ட பையில் போட்டுக் கட்டி, தெருமுனைத் தொட்டியில் போட்டேன். "போட்டாச்சா?" என்று கேட்டாள். "போட்டாச்சு" என்றேன்.

பை என்ன நிறம் என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? நீலம்தான். எங்கள் வீட்டில் வேறு பை ஏது? ஆனால் ஒன்றை நீங்கள் மறந்துவிடக் கூடாது. இந்த ஊரில் சவரம் செய்கிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.