கேட்ட பெயரைச் சூட்டிக் கொல்லப்பட்ட கலாநிதி தூசிநாதர்

மேடையில் வீற்றிருக்கும் றீற்றா டீச்சர் அவர்களே! பக்கத்துக் கதிரையில் தலை குனிந்திருக்கும் எங்கள் கணினிச் சங்கத் தலைவர் வில்பிரட் அண்ணா அவர்களே! அழுவதா சிரிப்பதா என்று விழிக்கும் உறுப்பினர்களே!

அமரர் கலாநிதி தூசிநாதர் யார்? சங்கத்தின் ஒரே கொம்பியூட்டர். எட்டு வருடம் தூசியைத் தின்று தமிழைத் துப்பியவர். இராணுவச் சுற்றிவளைப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த எத்தனை தாய்மாருக்கு மனு அச்சடித்துக் கொடுத்தார்! அந்தப் பெருமகனை யுத்தம் கொல்லவில்லை. கரண்ட் வெட்டும் கொல்லவில்லை. தலைவர் கொன்றார்!

நேற்று வத்தேகமவிலிருந்து அங்கம்மா அக்கா வந்தார். அவருடைய மகன் முத்துலிங்கத்தைப் பொலிஸ் பிடித்து ஒன்பது நாள். தேடப்பட்டவன் வேறொரு முத்துலிங்கம். "பேரு ஒன்னுதாங்க டீச்சர், ஆளு வேற," என்றார் அக்கா. திங்கள் காலை மனு போகாவிட்டால் பையனைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

மனு பாதி தட்டியாயிற்று. அப்போதுதான் தலைவருக்கு ஞானம் பிறந்தது. அழகான எழுத்துத் தரும் புதிய புரோகிராமை, அது எழுதப்பட்ட மூலநிரலிலிருந்து தானே கட்டப்போகிறாராம்!

தூசிநாதர் திரையில் பணிவாகச் சொன்னார்: எல்லாப் புரோகிராமும் பொதுவாகப் பாவிக்கும் ஒரு நூலகக் கோப்பின் புதிய பதிப்பைக் காணோம். அது எங்கே இருந்தது? பேராதனையில் படிக்கும் சத்தியபாமா அக்காவின் சீடியில்!

"போய்க் கேட்டு வாங்கிட்டு வரவா, அண்ணா?" என்றேன்.

"பொம்பளப் புள்ளகிட்டயா? பேருதானேடா கேக்குது? வச்சிட்டாப் போச்சு!"

ஏதோ சீடியிலிருந்த ஏதோ கோப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டி, உள்ளே இருந்த பழைய கோப்பை அழித்து அதன் மேலேயே ஏற்றினார். ஆகா, என்ன மூளை! அதை நம்பியிருந்த புரோகிராமெல்லாம் ஒன்றாய் விழுந்தன. திரை கறுத்தது. பாதி மனுவும் உள்ளேயே பூட்டுப்பட்டது.

"அப்ப எம்புள்ள காயிதம்?" என்றார் அங்கம்மா அக்கா.

தலைவரே! பெயரை மட்டும் பார்த்து ஆளைப் பிடித்த பொலிசை நேற்றுக் காலை வாய் கிழியத் திட்டினீர்களே! மத்தியானம் நீங்கள் செய்தது என்ன?

கண்ணீர் வேண்டாம், தோழர்களே. இல்லாததை இல்லை என்போம். கேட்டதையே தேடிக் கொண்டுவருவோம். அமரர் மேல் ஆணை! சத்தியபாமா அக்கா தன் கொம்பியூட்டரோடு காத்திருக்கிறார். அங்கம்மா அக்கா இதோ வாசலில் நிற்கிறார். அடுத்த பேராதனை பஸ்ஸில் ஏறுகிறோம். செக்பொயின்றில் இறக்கினால் இறங்குவோம், மறுபடி ஏறுவோம். மனுவைத் தட்டப்போவது தலைவர்தான். முதல் வரியை இப்போதே பாடமாக்குங்கள், வில்பிரட் அண்ணா:

பெயர் ஒன்றுதான். ஆள் வேறு.