பதினோரு மணிக் குரல்

ஒரு சம்பவம் ஞாபகம் வருது. சின்னதுதான்... சொல்லிடுறேனே, கேளுங்க.

தூத்துக்குடியில எட்வின்னு ஒருத்தர். ஹார்பர் பக்கத்துல கப்பல் கம்பெனி ஆபீஸ்ல வேலை. மனைவி கிறிஸ்டோபெல், ஸ்கூல் டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்ல. எட்வினுக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது. சாயங்காலம் வந்தா கம்ப்யூட்டர்ல கேம் விளையாடுவார். அவ்வளவுதான். காதுல ஹெட்செட்டை மாட்டினா... மனுஷன் இந்த உலகத்துலயே இல்ல!

அந்த கேமுக்குப் பெரிய அப்டேட் ஒண்ணு வந்துச்சு. நூற்றிருபது ஜிபி. டிஸ்க்ல இடம் இல்ல. என்ன பண்ணினார்? பழைய கேம் ரெண்டை அழிச்சார். இடம் வந்துச்சு. டவுன்லோடைப் போட்டுட்டு, கம்ப்யூட்டரை அணைக்காம ஆபீஸ் போனார். சாயங்காலம் வந்து பார்த்தா... அறுபத்தொரு சதவீதத்துல நிக்குது. 'போதிய இடம் இல்லை.'

காலையில இருந்த இடம் எங்க போச்சு?

தேடினார். ஒரு ஃபோல்டர்ல புதுசா ஒரு வீடியோ. பெரிய ஃபைல். 'ஏதோ குப்பை'ன்னு அழிச்சார். நெட் வேகம் கம்மி; மிச்சம் இறங்குறதுக்குள்ள மறுநாளும் இடம் இல்ல. மறுபடியும் ஒரு ஃபைல். அழிச்சார். மூணாம் நாள்... அழிச்சார். பன்னிரண்டு வேலை நாள், ஐயா! பன்னிரண்டு நாளும் அதே கதை. ஒரு தடவையாவது திறந்து பார்த்தாரா? இல்ல. அழி, குப்பைத்தொட்டியைக் காலி பண்ணு... முடிஞ்சுது.

பதிமூணாவது ஃபைலை அழிக்கப் போறப்பதான் பார்த்தார். ஃபைல் உண்டான நேரம், வெள்ளிக்கிழமை காலை பதினொண்ணு அஞ்சு. அவருக்குக் கை நின்னுடுச்சு. அந்தப் பதினோரு மணிக்கு அவர் ஆபீஸ்ல. மனைவி ஸ்கூல்ல. வீடு பூட்டிக் கிடக்கு.

பூட்டின வீட்டுல... யாரு?

அவர் இதைப் பார்த்தது மறுநாள், சனிக்கிழமை மத்தியானம். கிறிஸ்டோபெல் மீன் வாங்கப் போயிருந்தாங்க. ஹெட்செட்டை மாட்டி, அந்த வீடியோவை ஓட்டினார். திரையில நகராம நிக்கிற அப்டேட் கோடு. சத்தமே இல்ல. அப்புறம்... நாற்காலி கிறீச்சுன்னுது. அவர் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி! அப்புறம் ஒரு மூச்சு. காதுக்குள்ளேயே விடுற மாதிரி. அப்புறம் மெதுவா...

"இருக்கீங்களா?"

எட்வின் திரும்பிப் பார்த்தார். அறையில யாரும் இல்ல. அந்தக் குரல் மறுபடியும், "கேக்குதா? ஒண்ணு சொல்லணும்..." கொஞ்சம் சிரிக்குது. "ச்சே, இப்படி இல்ல. முதல்லேர்ந்து." திரும்பவும், "இருக்கீங்களா?" மறுபடி, மறுபடி, அதே கேள்வி. ஒரு தடவை அழுதுக்கிட்டு. ஒரு தடவை சாதாரணமா, காபி வேணுமான்னு கேக்கிற மாதிரி.

யாரோ ஒரு பொம்பளை என் வீட்டுல இருக்கான்னு நினைச்சாராம். எழுந்து போய் பீரோ பக்கம் பார்த்தாராம். கட்டிலுக்கு அடியில பார்த்தாராம். திரும்பி வந்து காதுல மாட்டினப்ப, அந்தக் குரல் சொல்லுது...

"எட்வின்... எனக்கு மார்புல கட்டி. டாக்டர் புற்றுநோயாத்தான் இருக்கும்ங்கிறார். எனக்குப் பயமா இருக்கு எட்வின்."

ஒன்பது வருஷத்துல அந்தம்மா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. என்கிட்ட அவர் சொன்னார், "ஐயா, பேய்னு நினைச்சேன். என் பொண்டாட்டி குரலை... எனக்கு அடையாளம் தெரியல."

கிறிஸ்டோபெல் மீன் பையோட உள்ள வர்றாங்க. இவர் வாசல்லயே நிக்கிறார்.

"ஏன்மா என்கிட்ட சொல்லல?"

அந்தம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு. பையைக் கீழ வைச்சாங்க. "சொன்னேங்க. ரெண்டு தடவை உங்க பின்னாடி நின்னு சொன்னேன். 'ம்... இரு, அப்புறம் பேசலாம்'னீங்க. அப்புறம் தைரியம் வரல. ஸ்கூல்ல லீவு சொல்லிட்டேன். பிள்ளைங்க முன்னாடி நின்னா அழுகை வருது. தினமும் உங்களோட கிளம்புற மாதிரி கிளம்பி, திரும்பி வந்து, உங்க நாற்காலியில உட்கார்ந்து சொல்லிப் பழகினேன். உங்க மைக்ல பேசினா உங்ககிட்டயே பேசுற மாதிரி இருந்துச்சு."

மைக்ல சத்தம் கேட்டா திரையோட சேர்த்து வீடியோவா தானா பதிவாகிற மாதிரி எட்வின்தான் வைச்சிருந்தார். விளையாடுறப்ப நண்பர்களோட பேசுறதைப் பதிவு பண்ண! அதை மறந்தே போயிட்டார்.

திங்கட்கிழமையே மதுரைக்குக் கூட்டிட்டுப் போனார். ஆபரேஷன், ஆறு மாசம் மருந்து. முடியெல்லாம் கொட்டுச்சு. பிழைச்சுட்டாங்க. தேவனுக்கு ஸ்தோத்திரம்! இப்ப திரும்பவும் பாடம் நடத்துறாங்க. ஆனா எட்வின் ஒண்ணு கேட்டார், பாருங்க. "அந்தப் பன்னிரண்டு நாளும் என்னம்மா சொன்னே?" அந்தம்மா சொன்னாங்களாம், "எனக்கே ஞாபகம் இல்லைங்க. விடுங்க." எந்தக் கடையில கொடுத்தும் அந்தப் பதிவுகளை மீட்க முடியல.

பிரியமானவர்களே... இந்தக் கதையைக் கேம் விளையாடாதீங்கன்னு சொல்றதுக்காகச் சொன்னேனா? இல்ல. நீங்க டிவி பார்க்கலாம், ஜெபக் கூட்டத்துக்கு ஓடலாம், என்னை மாதிரி மைக் பிடிச்சுப் பேசிக்கிட்டே இருக்கலாம். எல்லாம் ஒண்ணுதான். உங்க வீட்டுல ஒருத்தர், உங்ககிட்ட ஒண்ணைச் சொல்றதுக்காக, நீங்க இல்லாத நேரத்துல தனியா பேசிப் பார்த்துக்கிட்டிருக்கலாம். அவங்களா வந்து சொல்வாங்கன்னு காத்திருக்காதீங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பக்கத்துல உட்காருங்க. "என்ன?"ன்னு நீங்க கேளுங்க. கேட்டுட்டு... வாயை மூடிக்கிட்டு இருங்க. முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும்.