தொட்டிக்குப் பின்னால்

கவரைப்பேட்டையில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் கம்பெனி அடையாள அட்டை.

“காலைல பூவுக்கு எறா ஊட்டிட்டு வர்றதுக்குள்ள பேஜாரா பூடுச்சு,” என்றாள் மூத்தவள்.

“இன்னாக்கா, பூ எறா துண்ணுமா?”

“அனிமோன்டி. பூவாட்டம் இருக்கும், ஆனா கடல் பிராணி. எங்க ஊட்டுக்காரரு உப்புத்தண்ணி தொட்டி வெச்சி வுட்டுட்டு துபாய் போய்ட்டாரு. புதுசா வளக்கறவங்களுக்கு இது ரொம்ப கஷ்டமாம்.”

“போன் பண்றாரா?”

“டெய்லி வீடியோ கால். ‘தொட்டியக் காட்டு, பூ விரிஞ்சிருக்கான்னு பாக்கணும்’பாரு. நேத்து தலைக்குக் குளிச்சி, மல்லி வெச்சி, போனை முன்னால நிக்க வெச்சிட்டு, தொட்டிக்குப் பின்னால போய் நின்னுக்கினேன்.”

“பாத்தாரா?”

“‘பின்னாடி கண்ணாடில ஏதோ அழுக்கு தெரியுது, தொடச்சி வுடு’ன்னாரு.”

இளையவள் சிரிக்கவில்லை.

“தொடச்சிட்டேன். இன்னிக்கும் நிப்பேன்.”