ஆண் விரியன்

அலிப்பூர் மிருகக்காட்சிசாலையிலிருந்து திரும்பும் டிராமில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் இளம் தம்பதி. அவள் கர்ப்பிணி.

“விரியன் முட்டையே போடாதாமே?” என்றாள் கணவரிடம்.

“ஆமாம். வயித்துக்குள்ளேயே பொரிஞ்சு குட்டியாத்தான் வெளியே வரும்.”

“அப்போ ஆண் பாம்பு எங்கே இருக்கும்?”

“மெதுவாப் பேசேன்!”

“இந்த டிராம்லே யாருக்குத் தமிழ் தெரியப்போறது? சொல்லுங்கோ.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இணை சேர்ந்ததும் அது பாட்டுக்குப் போயிடும்.”

“நீங்களும் அப்படித்தானே? அடுத்த வாரம் என்னைப் பிரசவத்துக்கு ரயிலேத்தி அனுப்பிட்டு ஆபீஸ் போயிடுவேள்.”

“தலைப்பிரசவம்னா பொறந்தாத்துக்குப் போறதுதானே வழக்கம்?”

வளையல்கள் குலுங்க அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள்.

“சரிடீ. உங்கம்மாவை இங்கே வரச்சொல்லித் தந்தி கொடுக்கறேன்.”

“இன்னிக்கேவா?”

“இன்னிக்கேதான்.”

இறங்கும்போது, வழி விடும்படி அவரிடம் வங்காள மொழியில் கேட்டேன்.