முந்நூற்று நாற்பது இதயங்கள்

"ஹலோ! அட்மின் அண்ணாவா? ... ஆமா, கண்ணாடிக்கடைக்காரிதான். ஏழாவது தடவையா அடிக்கறேன், எடுத்தீங்களே, புண்ணியமாப் போகும்!"

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள் அவள். மனம் நொந்த இளசுகள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் இணையக் குழுவில் சம்பளமில்லாத் தொண்டர். மறுமுனையில் இருப்பவர் குழுவை நடத்துபவர்.

"ஆமா, ஆமா, குழு அமோகமா ஓடுது... அண்ணா, 'தூங்குமூஞ்சி'ங்கற பேர்ல எழுதறாளே, அவ பதிவைப் பார்த்தீங்களா? ... அட, அந்தக் காலேஜ் பொண்ணு! 'நாலு நாளா ரூம் கதவைத் திறக்கல, சாப்பிடல, யாராவது பேசுங்க'ன்னு காலைல போட்டாளே! ... முந்நூத்து நாப்பது ஹார்ட்டா? ஒரு மாலையும் போட்டுருங்களேன்! ... பார்த்தேன், 'பேசு தங்கம், பேசு செல்லம்'னு ஆளாளுக்குக் கெஞ்சறாங்க. எப்படிண்ணா பேசுவா? அவ எதுவும் எழுத முடியாதபடி பேர் பக்கத்துலதான் பூட்டு தொங்குதே! ... ம்... ம்... சோகமா எழுதினா ரெண்டு நாள் கட்டாய ஓய்வு. உங்க விதி நாலு. அவ நல்லதுக்குத்தான்! தண்ணில தத்தளிக்கறவ வாயில துணிய அடைச்சுட்டு, கரையில நின்னு 'கத்தும்மா, கத்து'ங்கற மாதிரி!"

கையிலிருந்த ஃபிரேம் நெளிந்தது.

"தனியா மெசேஜ் அனுப்பினேன், போகல... உங்ககிட்ட நம்பர்? ... நிஜப் பேர்கூடத் தெரியாதா! அப்ப பூட்டைத் திறங்க. ... ஓட்டெடுப்பா? ... கமிட்டி பதினோரு பேரும் ஞாயித்துக்கிழமைதான் கூடுவீங்களா! அதுவரைக்கும் பொறுத்துக்கம்மான்னு நீங்களே அவகிட்டச் சொல்லிடுங்க. ... அய்யோ, முடியாதுல்ல, பூட்டியிருக்கே!"

பிறகு அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"அண்ணா... போன வருஷம் நானும் இப்படி ஒண்ணு எழுதினேன். அப்ப விதி நாலு இல்ல. முகம் தெரியாத ஒருத்தி விடாம ரெண்டு மணி நேரம் பேசினா. அதனாலதான் இன்னிக்கு நின்னு உங்களைத் திட்டிட்டிருக்கேன். ... திறங்க. ... ஆமா, இப்பவே. லைன்லயே இருக்கேன். ... எந்த பட்டன்னு தெரியலையா? பூட்டத் தெரிஞ்சுதே! ... பேரை அழுத்துங்க. கீழ. இன்னும் கீழ. ... ஆங், அதான்."

நொடிகள் நகர்ந்தன. போன் அதிர்ந்தது. அவள் திரையைப் பார்த்தாள்.

"எழுதிட்டாண்ணா! 'அக்கா, இருக்கீங்களா'ன்னு கேக்கறா. நம்பரும் அனுப்பியிருக்கா! ... என்னது? ... குழுவோட வெற்றிக் கதைன்னு அவ மெசேஜைப் போட்டோ பிடிச்சுப் போடலாமா? ... அண்ணா, முதல்ல போனை வைங்க. அவளைக் கூப்பிடணும்."

அவர் வைக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.