எழுபது கிலோ உப்புமூட்டை

– கழுத்தை இறுக்காதே... மூச்சு முட்டுது.

– இறுக்கலேன்னா விழுந்துடுவேனேங்க.

– விழ மாட்டே. தோளைப் பிடி. தோளை... ஆங், அப்படி. எத்தனை படி ஆச்சு?

– பதினொண்ணு. இல்ல, பன்னெண்டு. பேச்சுக் குடுத்துக் குழப்பாதீங்க.

– பத்தொன்பது வருஷமா ஒரு ஆபீஸையே மேல ஏத்தி இறக்கினவன் நான். ஒரே விரலால.

– அது லிஃப்ட். பட்டனை அழுத்தினா அதுபாட்டுக்குப் போகும். பொண்டாட்டிக்கு அந்த மாதிரி பட்டன் கிடையாது.

– இருந்திருந்தா, வாயை மூடுற பட்டன் எதுன்னு முதல்ல தேடியிருப்பேன்.

– ஐயோ, சிரிக்க வைக்காதீங்க... நழுவுறேன்...

– சிரிக்காதே! நீ குலுங்கினா ரெண்டு கிலோ கூடுது.

– பொண்ணு என்ன சொன்னா? முட்டியை மடக்கி ஏறணும். இடுப்பை வளைக்கக் கூடாது.

– அவளுக்கென்ன, வெளியூர்ல உட்கார்ந்துக்கிட்டு போன்ல சொல்லுவா. சர்க்கரை இல்லாத டீ, எண்ணெய் இல்லாத தோசைக்கல்லு, காலையில அஞ்சு மணிக்கு நடை. அப்பனைப் பெத்தவ மாதிரி.

– முதல் மாடி வந்தாச்சு. நிக்காதீங்க... நின்னா மறுபடி கிளம்ப முடியாது.

– நிக்கல. மூச்சு வாங்கிக்கிறேன்.

– நின்னுக்கிட்டுத்தானே வாங்குறீங்க?

– ஏய், பரீட்சையில தூக்கச் சொல்ற அந்தப் பொம்மை எவ்வளவோ தேவலை. எழுபது கிலோன்னாலும் வாயைத் திறக்காது.

– வாயைத் திறக்காததாலதான் போன வருஷம் அதை ரெண்டாவது மாடியில உட்கார வெச்சுட்டு வந்துட்டீங்க.

– அதை எதுக்கு இப்ப எடுக்குறே?

– கோபம் வந்தா வேகமா ஏறுவீங்க. பாருங்க, ஏறிட்டீங்க நாலு படி.

– நீ எனக்குப் பொண்டாட்டியா, பயிற்சிக்காரியா?

– நாலு மாசத்துல உங்களுக்கு நாற்பத்தஞ்சு ஆகுது. அதுக்கப்புறம் ஆம்புலன்ஸ் வேலைக்கு எடுக்க மாட்டாங்க. அதுவரைக்கும் பயிற்சிக்காரி. அப்புறம் யோசிக்கலாம். வெள்ளிக்கிழமை பரீட்சை, இன்னும் மூணு நாள்தான்...

– ம்ம்.

– என்ன ம்ம்?

– ஏறுறவன் ம்ம்தான் சொல்லுவான்.

– மெதுவா... டீச்சரம்மா வீட்டுக் கதவு திறக்குது...

– யாரது படியில? அட, நீங்களா! இன்னும் முட்டி வலி சரியாகலையா அம்மா உனக்கு?

– இல்ல டீச்சரம்மா... படி ஏறினா மட்டும்தான்...

– மூணு மாசமா பாக்குறேன். தினமும் சாயங்காலம் தம்பி உன்னை முதுகுல சுமந்துக்கிட்டுப் போறார். எங்க வீட்டுக்காரர் என் கைப்பையைக்கூட வாங்கினதில்ல... இறக்கி விடுங்க தம்பி, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க.

– வேண்டாம் டீச்சரம்மா, இப்படியே போயிடுறேன்... நின்னா...

– என்ன இது, தரையில ஏதோ கொட்டுது? மண்ணு! இப்பத்தானே துடைச்சேன்!

– மண்ணா? எங்கேருந்து?

– உங்க சம்சாரத்தோட இடுப்புலேருந்து தம்பி!

– இறக்கி விடுங்க... நான் சொல்றேன்ல, இறக்கி விடுங்க!

– ஏம்மா, முட்டி வலின்னே? இப்ப ஒத்தைக்கால்ல குதிக்கிறியே?

– அது... டீச்சரம்மா, துடைப்பம் குடுங்க, நான் பெருக்கிடுறேன்.

– இந்தா. உங்க ரெண்டு பேருக்கும் என்ன வந்துச்சோ தெரியல. பெருக்கிட்டுக் கதவு ஓரமா வெச்சுடு. அடுப்புல பால் இருக்கு எனக்கு.

– உள்ளே போயிட்டாங்களா?

– போயிட்டாங்க. இப்ப சொல்லு. இடுப்பு வலிக்குன்னு சொன்னியே ஒரு பெல்ட்டு?

– வலிக்குத்தான்.

– மண்ணு வெச்சுத் தெச்ச பெல்ட்டா?

– நான் வேலை பாக்குற யூனிட்ல காலர் தெச்சு மிஞ்சின துணி... தையல் ரெட்டைத் தையல்தான் போட்டேன். எப்படிப் பிரிஞ்சுதுன்னு தெரியல.

– தையலைக் கேக்கல. மண்ணைக் கேட்டேன்.

– ஆரம்பத்துல நான் எத்தனை கிலோ இருந்தேன்?

– எழுபத்தொண்ணு. நீதான் பெருமையா சொன்னே, பொம்மைக்குச் சரியா பொருந்திட்டேன்னு.

– இப்ப அறுபத்திரெண்டு.

– என்னது?

– தினமும் காலையில உங்களைத் தனியா அனுப்பினா பாதியில திரும்பிடுவீங்கன்னு கூடவே நடந்தேன்ல? நீங்க எண்ணெய் தொடாதப்போ நான் மட்டும் பொரிச்சுத் தின்ன முடியுமா? இளைச்சுட்டேன். அறுபத்திரெண்டு கிலோவைத் தூக்கிப் பழகிட்டு அங்க போய் எழுபதைத் தூக்கினா திரும்ப ரெண்டாவது மாடியில நின்னுடுவீங்களே. அதான்... குறைஞ்சதை மண்ணா சேத்துக்கிட்டேன். இடுப்புல அஞ்சு, கணுக்காலுக்கு ரெண்டு ரெண்டு.

– அடிப்பாவி! காலுலயுமா? அதான் ரெண்டு மாசமா, இவ்வளவு சிரமப்பட்டும் கனம் குறையவே மாட்டேங்குதேன்னு ராத்திரியெல்லாம் நினைச்சு நினைச்சு... எனக்குத் தெம்பே ஏறலையோன்னு பயந்துட்டேன்டி!

– பயந்துதான் இன்னும் நல்லா ஏறினீங்க.

– இந்த மண்ணோடவா அந்த ஒன்பது நாளும் என்கூடப் பேசாம சுத்தினே?

– எந்த ஒன்பது நாள்?

– தெரியாத மாதிரி கேக்காதே. ரெண்டாவது மாசம் நான் நடக்கமாட்டேன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேனே.

– ஓ, அதுவா. நீங்க எழுந்திரிக்கல. நான் போயிட்டு வந்தேன்.

– ஒரு வார்த்தை திட்டலியே நீ. அலாரம் வெச்சு, செருப்பை மாட்டிக்கிட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிடுவே. அந்தச் சத்தம் இருக்கே... திட்டியிருந்தா தூங்கியிருப்பேன். பத்தாவது நாள் தாங்கல. பின்னாடியே ஓடி வந்தேன்.

– வந்தீங்களே. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு.

– சிரி, சிரி... உட்காரு இந்தப் படியில. காலைக் காட்டு. அவுத்துடறேன் அந்தக் கட்டை.

– மூணாவது மாடி பாக்கி இருக்கே?

– இருக்கட்டும். தோல் கன்னிப் போயிருக்கு பாரு, கணுக்கால்ல... சொல்லக் கூடாதா?

– சொன்னா தூக்கமாட்டீங்க.

– உனக்கென்ன பைத்தியமா? எனக்குத்தானே ஆசை, எனக்குத்தானே வேலை?

– உங்க ஆசைதான். ஆனா அன்னைக்கு லிஃப்ட்ல அந்த அஞ்சாவது மாடிக் கணக்கர் விழுந்தாரே, அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்த முகத்தை நான்தானே பாத்தேன்.

– என் மடியில தலையை வெச்சுப் படுத்திருந்தார். வாய் நீலம் பாரிச்சுடுச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கீழ்த்தளத்துப் பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தேன். ஏற்கெனவே கீழேதான் போய்க்கிட்டிருக்கு. இன்னும் இன்னும் அழுத்தினேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே?

– அவர் பிழைச்சுட்டாரே. இப்பவும் உங்களுக்கு வணக்கம் சொல்றாரே.

– பிழைக்க வெச்சது அந்த ஆம்புலன்ஸ் பொண்ணு. வந்தா, என்னை ஒதுக்கினா, நெஞ்சுல கையை வெச்சு அழுத்த ஆரம்பிச்சா. அழுத்துறதுல எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம். எங்கே அழுத்தணும்னுதான் தெரியல.

– இனிமே தெரிஞ்சுக்குவீங்க. என்ன, கண்ணு கலங்குது?

– மண்ணு பட்டுடுச்சு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மேல போய்ச் சொல்லலாம்னு இருந்தேன்.

– சொல்லுங்க.

– கோபப்படக் கூடாது.

– மண்ணைக் கட்டிக்கிட்டு ஏமாத்தினவ நான். எனக்கு எங்கேருந்து கோபம் வரும்?

– பரீட்சை வெள்ளிக்கிழமை இல்ல. இன்னைக்குக் காலையிலதான். வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்கதான் போனேன்.

– ம்ம்.

– போன தடவை நீ ஆசை ஆசையா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டே. திரும்பி வந்தப்போ ஒவ்வொரு மாடியிலயும் ஒரு கதவு திறந்து ‘என்ன ஆச்சு’ன்னு கேட்டாங்க. ஒரு பரீட்சையில மூணு மாடிக்கு மூணு தடவை தோத்தேன். அதான் இந்தத் தடவை முட்டி வலின்னு கதை கட்டச் சொன்னேன். தேதியை உன்கிட்டயும் மாத்திச் சொன்னேன். தோத்தா எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு.

– தோத்தீங்களா?

– முதல் மாடியில தொடை நடுங்குச்சு. ரெண்டாவது மாடியில, போன வருஷம் இறக்கி வெச்ச அதே இடம்... ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டேன். நீ மேல உட்கார்ந்து பன்னெண்டு, பதிமூணுன்னு எண்ணிக்கிட்டிருக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டேன். கண்ணைத் திறந்தா மேல நிக்கிறேன்.

– அப்புறம்?

– எழுத்துப் பரீட்சைதான் போன மாசமே தேறியாச்சே. அங்கேயே கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணாம் தேதி பயிற்சிக்கு வரணுமாம். உடுப்புக்கு அளவு எடுத்தாங்க. இடுப்பு முப்பத்தாறுன்னு சொன்னதும், தப்பா அளந்துட்டீங்களான்னு கேட்டேன்.

– சந்தோஷமா இருக்குங்க...

– என்ன இவ்வளவு அமைதியா சொல்றே? டீச்சரம்மா கதவை உடைச்சுக்கிட்டு ஓடுவேன்னு நினைச்சேன்!

– அவங்க பால் பொங்கிடும். நீங்க சொல்லுங்க. மேல ஏறினதும் என்ன பண்ணீங்க?

– பொம்மையை இறக்கி வெச்சுட்டு ஜன்னல்கிட்டப் போய் நின்னேன். காத்து வேணும்போல இருந்துச்சு. வேர்வையில கண்ணாடியைக் கழட்டிட்டேன், எல்லாம் மங்கலா தெரிஞ்சுது. ஆனா எதிர்ச் சாரியில, மூடின கடை வாசல்ல யாரோ ஒரு பொம்பளை, கையில குடை. அதை விரிக்கிறா, மூடுறா, தலைக்கு மேல தூக்கி ஆட்டுறா... நட்ட நடு ரோடுன்னுகூடப் பாக்காம குதிக்கிறா. யாரு பெத்த பொண்ணோ, அவளுக்கு என்ன நல்லது நடந்துச்சோ, நல்லா இருக்கட்டும்னு நினைச்சுக்கிட்டு நானும் கையை ஆட்டினேன்.

– சட்டையைத் துவைக்கப் போட்டா பாக்கெட்டுல இருக்கிற கடுதாசியை எடுத்துட்டுப் போடணும், தெரியுதா? தேதியைப் பாத்துட்டு, யூனிட்ல அரைநாள் லீவு சொல்லிட்டு, நீங்க ஜன்னலுக்கு வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அந்த வெயில்ல நின்னேன்... நல்லவேளை, கையையாவது ஆட்டினீங்க.