எல்லாம் இருக்கு

…இல்ல, நீங்களே சொல்லுங்கண்ணே, இந்தக் கம்ப்யூட்டரு இப்படிக் கேள்வி மேல கேள்வி கேட்டா மனுஷன் எப்படி வேலை பாக்கறது? ஏசி ரிப்பேருக்கு வந்தவர்கிட்ட புலம்பறானேன்னு நினைக்காதீங்க. பைய கீழ வைங்க. உக்காருங்க… ஐயோ, அதுல வேண்டாம், அதுக்கு ஒரு கால் கெடையாது.

என் வேலை சாஃப்ட்வேர் கட்டறது. கட்டறதுக்கு முன்னாடி, தேவையானதெல்லாம் இருக்கான்னு பாக்க செக்கிங்னு ஒண்ணு தானா ஓடும்ணே. லைப்ரரின்னா புஸ்தகம் இல்லண்ணே, யாரோ முன்னாடியே எழுதி வெச்ச புரோகிராம். படம் காட்டற லைப்ரரி இருக்கா? இருக்கு. எழுத்து காட்டற லைப்ரரி இருக்கா? இல்ல. அவ்ளோதான், அங்கயே படுத்துடும்! சரின்னு அதக் கொண்டாந்து போட்டா, அதுக்குத் துணைக்கு இன்னொண்ணு எங்கேங்கும். அதயும் போட்டா, அதோட பங்காளி எங்கேங்கும். சம்பந்தி வீட்டுக்காரங்ககூட இவ்ளோ துருவித் துருவிக் கேக்க மாட்டாங்க!

இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிக்கலேன்னா மேனேஜர் இந்த வேலையத் தூக்கி என் சகலைகிட்ட குடுத்துடுவாரு. ஆமாண்ணே, சகலையும் இதே ஆபீஸ்தான், என் தலையெழுத்து! அப்புறம் நான் வீட்ல தலை காட்ட முடியுமா? மாமியார் எனக்கு ஆத்தற காபியையும் அவனுக்கே குடுத்துடுவாங்க.

அதான் நேத்து ஒரு வழி பண்ணினேன். அந்தச் செக்கிங்கத் தொறந்து, எதக் கேட்டாலும் ‘இருக்கு’ன்னே பதில் வர்ற மாதிரி மாத்தி எழுதிட்டேன். அடேயப்பா! இருக்கு, இருக்கு, இருக்கு… பாக்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சுண்ணே. அப்புறம் கட்ட ஆரம்பிச்சுது பாருங்க… பாதியில மடார்னு கவுந்துடுச்சு. எழுத்து காட்டற லைப்ரரி இல்லையாம்! இத முதல்லயே சொல்ல என்ன கேடு அதுக்கு?

கோவத்துல திரும்பத் திரும்ப ஓட்டினேன். இந்தப் புழுக்கத்துல மிஷினே சூடாகி அணைஞ்சு போச்சு. காய்ச்சக்காரனுக்குப் போடற மாதிரி ஈரத் துணி போட்டு வெச்சிருக்கேன். இனிமே நீங்க ஏசியச் சரி பண்ணாதான் அது கண்ணையே தொறக்கும்.

என்னண்ணே, மேலயே பாக்கறீங்க? ஏணியா?

ஏணி… இல்லியே.

கேட்டீங்கதான். போன்லயே கேட்டீங்க. நானும் இருக்குன்னு சொன்னேன்தான். ஏசிக்குத் தனி சுவிட்ச் இருக்குன்னும் சொன்னேன்… அதுவும் இல்லண்ணே. பின்ன, இல்லேன்னு சொன்னா நீங்க வந்திருப்பீங்களா? அண்ணே… பைய ஏன் தூக்கறீங்க? இந்த மூணு கால் நாற்காலி மேல ஏறினா எட்டாதா? நான் கெட்டியா பிடிச்சுக்கறேண்ணே! அண்ணே, படி எறங்காதீங்க, ஒரே நிமிஷம்… போன் அடிக்குது, மேனேஜரு…

ஹலோ, சார்! சொல்லுங்க சார்… தயாரா இருக்கான்னா? இருக்கு சார். எல்லாம் இருக்கு.